எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்காதீர்கள்

"சார், பக்கத்துல தீப்பெட்டிகூட இல்ல சார்." பிரஷ் துடைத்த எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடித்துக்கொண்டதைப் பற்றி, போன ஞாயிறு மாலை என் மாணவர் ஒருவர் போனில் சொன்னது. ஓவிய வகுப்பு எடுக்க ஆரம்பித்ததிலிருந்து இதைக் கேட்பது மூன்றாவது தடவை, அதனால்தான் எழுதுகிறேன்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருமுனை டீக்கடையை ஆயில் பெயின்டிங்காக வரைந்துகொண்டிருந்தார். பாய்லரை மட்டும் வரைவதாகத்தான் பேச்சு; அதில் நசுங்கிய இடத்தில் விழும் வெளிச்சத்துக்கே மூன்று நாள் போனது, அப்புறம் பெஞ்சில் ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிப்பவர்களும் படத்துக்குள் வந்துவிட்டார்கள். "இருபது வருஷமா டீ குடிக்கிறேன், மாஸ்டருக்கு இடது கைப் பழக்கம்னு இப்பத்தான் சார் கவனிச்சேன்" என்றார். கடைக்காரர் படத்தை மாட்ட கல்லாவுக்கு மேலே ஆணியே அடித்துவிட்டார்.

இவ்வளவு பார்க்கத் தெரிந்தவர், பிரஷ் துடைத்த வேட்டித் துணிகளைப் பந்தாகச் சுருட்டி பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். வாளி உருகிவிட்டது, படத்தில் பாதி கருகிவிட்டது.

"பெயின்டைக் கரைக்கிற டர்பன்டைன்தானே பத்திக்கும், எண்ணெய் என்ன பண்ணும்? அடுப்படித் துணி எரியுதா?" எல்லாரும் கேட்பது இதைத்தான். ஐயா, தேங்காய் எண்ணெய் காயாது. நாம் பயன்படுத்தும் லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், காயும். ஆனால் தண்ணீர் போல ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். அப்போது சூடு வரும். விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும், சுருட்டிய துணியில் உள்ளேயே ஏறிக்கொண்டே இருக்கும். தீக்குச்சி தேவையே இல்லை. 1991-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தொடக்கம், இந்த எண்ணெய் தோய்ந்த துணிகள்தான்.

துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள். அப்பளம் போல விறைத்த பிறகு தூக்கி எறியலாம். முடியாதா, தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி முக்கி மூடி வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வரையுங்கள். டர்பன்டைனைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிறவர்களை என்ன சொல்வது, வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அவர் படத்தை மறுபடி தொடங்கிவிட்டார். துணிக்கென்று மாடியில் தனிக் கொடி கட்டியாயிற்று. வீட்டில் ஏற்கெனவே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதால் நான் அதிகம் திட்டவில்லை.