காதுவலி என்று வருகிறவர்களின் தாடை

திருப்பூரில் ஓவர்லாக் தைக்கும் அம்மா ஒருவர், காதில் 2 மாதம் சொட்டு மருந்து விட்டும் வலி தீராமல், காதில் குறை ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட பிறகு என்னிடம் வந்தார். "வாயத் தெறந்தா டக்குனு சத்தம் வருதுங்க" என்றார். தம் விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்கச் சொன்னேன்; இரண்டுதான் நுழைந்தன. கன்னத்துத் தசையை அழுத்தியதும் முகம் சுளித்தார். நாக்கின் ஓரங்களில் பல் தடம் பதிந்திருந்தது. கடைவாய்ப் பற்களின் முகடுகள் தட்டையாகத் தேய்ந்திருந்தன.

தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருப்பதால் அதன் வலி காதுவலி போலவே தோன்றும். மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய வட்டு இடம் விலகித் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் எழுகிறது. வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. அந்த அம்மாவோ டார்கெட் முடிக்கும் அவசரத்தில் பல்லைக் கடித்தபடியே தைத்திருக்கிறார். நூலையும் பல்லாலேயே கடித்து அறுத்திருக்கிறார்.

முதல் சில வாரங்களுக்கு நான் சொல்வது எளியவைதான்: முறுக்கும் கரும்பும் வேண்டாம், குழைந்த அரிசியும் பருப்பும் சோறு போதும், வெந்நீரில் நனைத்த துணியால் 15 நிமிடம் ஒத்தடம், கொட்டாவி வரும்போது மோவாய்க்குக் கீழே கையைக் கொடுத்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருக்கு, அளவெடுத்துச் செய்த கடினமான அக்ரிலிக் நைட் கார்டு (இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறை) பொருந்தும்; அது கடிக்கும் பழக்கத்தை நிறுத்தாவிட்டாலும் பற்களைத் தேயாமல் காக்கும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் பல் கடிப்பது கூடலாம் என்றாலும், அவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இந்த எளிய வழிகளில் குணமாகாதவர்களுக்குத்தான் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி. அதன் பலனும் சில மாதங்களே. வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டால், ஊசி வழியே மூட்டைக் கழுவிவிடும் முறை உண்டு. அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். இந்த வலிக்காக நல்ல பற்களை ராவிக் கடியைச் சரிசெய்யலாம் என்றோ, பல்லைப் பிடுங்கலாம் என்றோ யாராவது முதலிலேயே சொன்னால், தயவுசெய்து உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். ராவிய பல் திரும்ப வளராது. இந்த அம்மாவுக்கும் வேறோரிடத்தில் ஞானப்பல்லை எடுக்கத் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

6 வாரம் கழித்து வந்தபோது அவருக்கு மூன்று விரலும் நுழைந்தன. மெஷின் தலையில் ஒரு பொட்டை ஒட்டி வைத்திருப்பதாகவும், அது கண்ணில் படும்போதெல்லாம் பல்லை விலக்கிக்கொள்வதாகவும், நூல் அறுக்க டிரிம்மரைக் கயிற்றில் கட்டிப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருப்பதாகவும் சொன்னார்.