டிக் என்பது வலிப்பும் இல்லை, அனிச்சையும் இல்லை

சத்து மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதிப்பது பற்றி ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை. தலைப்பிலேயே வலிப்பு, மக்னீசியம் என்று இருந்தது. உள்ளே போய்ப் படித்தால் வலிப்பே கிடையாது, டிக் (tic). கண்ணை இறுக்கி இறுக்கி மூடித் திறப்பது, தோளைக் குலுக்குவது, சளியே இல்லாமல் தொண்டையைச் செருமுவது, இதெல்லாம்தான். கர்ப்பகால வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட் ஏற்றுவது நிஜமான வைத்தியம் என்பதால் அந்தத் தலைப்பு நம்பும்படியாகவும் இருந்து தொலைக்கிறது.

டிக் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் குதிரைகளின் கோளாறு ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர், மனிதர்களுக்கு வந்தது அப்புறம். 1885இல் ஜில் த லா தூரெத் என்ற பிரெஞ்சு மருத்துவர் டிக் உள்ள ஒன்பது பேரைப் பற்றி எழுதினார், அசைவிலும் குரலிலும் டிக் நீண்ட நாள் நீடிக்கும் கோளாறுக்கு உள்ள டூரெட் என்ற பெயர் அவருடையது. வேர் இவ்வளவு போதும்.

வலிப்பு ஏன் தப்பு என்பதற்கு நீண்ட வாதம் தேவையில்லை, அது வேறு நோய், வேறு மருந்து. ‘இழுப்பு’ என்று எழுதினால் பாதிப் பேருக்கு மூச்சிரைப்புதான் நினைவுக்கு வரும். என் சண்டை, கொஞ்சம் படித்தவர்கள் போடுகிற ‘அனிச்சை அசைவு’, ‘தன்னிச்சை அசைவு’ இரண்டோடும்தான். ஒரே பொருளில் இரண்டையும் எழுதுகிறார்களே, சொல்லைப் பிரித்துப் பார்க்க மாட்டார்களா? இச்சை என்றால் விருப்பம். தன்னிச்சையாகத் திரிகிறான் என்றால் தன் இஷ்டத்துக்குத் திரிகிறான் என்று பொருள், அதை ஒரு குழந்தையின் டிக்குக்குப் போட்டால், வேண்டுமென்றே செய்கிறான் என்று ஏற்கெனவே திட்டிக்கொண்டிருக்கும் அப்பாவுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த மாதிரி. சரி, அனிச்சையாவது பொருந்துமா என்றால் அதுவும் இல்லை. சூடு பட்ட கை வெடுக்கென்று பின்வாங்குவது அனிச்சை, அங்கே இச்சைக்கு வேலையே இல்லை. டிக்கில் இச்சை உண்டு! பல பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு, அசைவுக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு நமைச்சல், ஓர் இறுக்கம் வரும், செய்து முடித்தால்தான் அடங்கும். வகுப்பில் கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டு உட்காருவார்கள், வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்ப்பார்கள்.

விரலில் சொடக்கு எடுக்கும் பழக்கம் உள்ளவரைக் கேளுங்கள். எடுக்காமல் கொஞ்ச நேரம் இருக்கலாம், ஆனால் விரல் குறுகுறுக்கும், எடுத்ததும் ஒரு நிம்மதி. டிக்கும் ஏறக்குறைய அப்படித்தான், அதனால் நான் ‘சொடுக்கு’ என்கிறேன். சட்டென்று நடப்பது, திரும்பத் திரும்ப வருவது, ஓசை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. தசைச் சொடுக்கு, குரல் சொடுக்கு என்று வகை பிரிக்கவும் வசதி. கணினிச் சுட்டிக்கும் அதுதானே என்பார்கள், இருக்கட்டுமே, சாட்டைக்கும்தான் சொடுக்கு, யாரும் குழம்பவில்லை. பிடிக்காவிட்டால் டிக் என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, தப்பான தமிழை விட நேரான பிரெஞ்சு மேல்.

அதே கட்டுரையில் இன்னொன்று. பாதிப் பிள்ளைகளுக்குப் ‘போலி மருந்து’ கொடுத்தார்களாம். போலி மருந்து விற்றால் போலீஸ் பிடிக்கும், ஐயா. மருந்தில்லாத, பார்க்க அதே மாதிரி இருக்கும் மாத்திரைக்கு ‘வெற்று மாத்திரை’ என்றால் போதாதா? இந்த நோயில் அந்த வெற்று மாத்திரை ரொம்ப முக்கியம். சொடுக்கு பெரும்பாலும் 5, 6 வயதில் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்பருவத்தில் பலருக்குத் தானாகவே தணியும். நடுவிலும் சில வாரம் கூடும், சில வாரம் குறையும். கூடின வாரத்தில்தான் பெற்றோர் மாத்திரை வாங்க ஓடுவார்கள், அடுத்து அது எப்படியும் குறையும், பேர் மாத்திரைக்குப் போகும். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற சத்து மாத்திரையை 31 பிள்ளைகளிடம் 12 வாரம் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள், வெற்று மாத்திரையை விட அது மேல் என்று தெரியவில்லை. இதைப் போய் ‘போலி மருந்துக்கு நிகரானது’ என்று மொழிபெயர்த்தால் படிக்கிறவர் என்ன நினைப்பார்?