பாறையை எண்ணெயும் தாங்குகிறது

எண்ணெய் வயல் என்றதும் நிலத்தடியில் ஓர் ஏரி கிடப்பதாகவும், அதில் குழாயை விட்டு உறிஞ்சுவதாகவும் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஏரியும் இல்லை, குகையும் இல்லை. இருப்பதெல்லாம் பாறைதான். ஒரு மணற்கல் துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மணல்மணிகளுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் தெரியும். எண்ணெயும் எரிவாயுவும் உப்புநீரும் அந்த நுண்துளைகளுக்குள்தான் அடைந்து கிடக்கின்றன.

சரி, அந்தப் பாறைமேல் எவ்வளவு பாரம்? 3 கிலோமீட்டர் ஆழத்தில், மேலுள்ள அடுக்குகளின் எடை மட்டும் ஏறக்குறைய 70 மெகாபாஸ்கல். நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 700 மடங்கு. இதை மணிகள் மட்டுமே சுமப்பதில்லை. துளைக்குள் அடைபட்ட திரவமும் தன் பங்குக்கு முட்டுக்கொடுக்கிறது. திரவத்தின் அழுத்தம் 30 மெகாபாஸ்கல் என்றால், மணிகள் தாங்கவேண்டியது மீதி 40. இந்த மீதிக்குப் பெயர் பயனுறு தகைவு. 1920களில் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் களிமண்ணை ஆராய்ந்தபோது கண்ட கணக்கு இது. கட்டடத்தின் அடியில் மண் ஏன் அமுங்குகிறது என்பதை விளக்க வந்தது, பிற்பாடு எண்ணெய்ப் பாறைக்கும் பொருந்தியது.

இப்போது எண்ணெயை எடுக்கிறோம். திரவ அழுத்தம் 30இலிருந்து 15க்கு இறங்குகிறது. மேலே இருக்கும் பாரம் அப்படியேதான் இருக்கிறது. ஆக, மணிகளின் சுமை 40இலிருந்து 55 ஆகிவிடுகிறது. பாறை அமுங்குகிறது, துளைகள் சுருங்குகின்றன. முட்டுக்கொடுத்திருந்த திரவத்தை எடுத்ததற்குப் பாறை கேட்கும் விலை இது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. துளைகளின் மொத்தக் கொள்ளளவு கொஞ்சம்தான் குறையும். பாய்வு மட்டும் அதைவிடப் பலமடங்கு குறைந்துவிடும். துளைகளை அறைகள் என்று வைத்துக்கொண்டால், அவற்றை இணைக்கும் குறுகலான வழிகள் கதவுகள். அறை எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, கதவு ஒருக்களித்துக் கிடந்தால் கூட்டம் நகராது. விரிசல்களில் இது இன்னும் கடுமை. அழுத்த வேறுபாடு மாறாதவரை, விரிசல் வழியே பாயும் அளவு அதன் இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. இடைவெளி பாதியானால் பாய்வு எட்டில் ஒரு பங்கு!

ஆய்வுக்கூடம் ஏமாறுவதும் இங்கேதான். கிணற்றிலிருந்து வெட்டி எடுத்த பாறைத்துண்டு மேலே வந்ததும் பாரம் நீங்கி லேசாக விரிகிறது; மயிரிழை விரிசல்களும் விழுகின்றன. அப்படியே அளந்தால் நிலத்தடியில் இருப்பதைவிடத் தாராளமான எண் கிடைக்கும். அதனால்தான் துண்டை ரப்பர் உறைக்குள் போட்டு, சுற்றிலும் பழைய அழுத்தத்தைக் கொடுத்து அளக்கிறார்கள்.

இதுவரை மேலிருந்து வரும் பாரத்தை மட்டும் பேசினோம். பக்கவாட்டிலும் பாறை நெருக்கப்படுகிறது, அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. அதிக நெருக்கம் வரும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் விரிசல் இறுக மூடிக்கொள்ளும். அந்தத் திசையோடு ஒட்டி ஓடும் விரிசல் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். சில விரிசல்களில் இரு முகங்களும் சற்றே வழுக்கி நகர்ந்துவிடும். மேடுபள்ளங்கள் பிறகு ஒன்றோடொன்று பொருந்தாமல், இடைவெளி தங்கிவிடும். ஒரே வயலில் எண்ணெய் ஒரு திசையில் சுலபமாகவும் இன்னொரு திசையில் சிரமப்பட்டும் வருவதற்கு இது ஒரு காரணம்.

எண்ணெய்க்கு வழி உண்டாக்க, நீரை அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளக்கும்போதும் பாறையின் விருப்பம்தான் செல்லும். மிகக் குறைந்த தகைவு, அதாவது நெருக்கம், எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தத் திசையில்தான் பிளவு வாய் திறக்கும். இதை ஹப்பர்ட், வில்லிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1957இல் தெளிவாகக் காட்டினார்கள். திறந்த பிளவு மறுபடி மூடாமலிருக்க நீரோடு மணலையும் அனுப்புகிறார்கள். கிணற்றின் அழுத்தம் இறங்க இறங்க அந்த மணலும் நொறுங்கலாம், பாறைக்குள் புதையலாம்.

அமுங்குவதால் கெடுதல் மட்டும்தானா? இல்லை. நனைந்த பஞ்சைப் பிழிவதுபோல், சுருங்கும் பாறை எண்ணெயை வெளியே தள்ளவும் செய்கிறது. நார்வேயின் வடகடலில் உள்ள எகோஃபிஸ்க் வயலில் இது நன்றாகவே நடந்தது. அங்கே பாறை மிருதுவான சுண்ணப்பாறை. அது அமுங்க அமுங்கக் கடல்தரையும் இறங்கிக்கொண்டே வந்தது, 1984இல்தான் கவனித்தார்கள். 1987இல் கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளின் கால்களை வெட்டி, 6 மீட்டர் உயர்த்தினார்கள். அதே ஆண்டு பெரிய அளவில் கடல்நீரைப் பாறைக்குள் செலுத்தவும் தொடங்கினார்கள். அப்புறம் வயலின் அழுத்தம் ஏறியது, எண்ணெயும் கூடுதலாக வந்தது. கடல்தரை மட்டும் பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தது. முட்டுக்கொடுக்க அனுப்பிய நீரே அந்தச் சுண்ணப்பாறையைப் பலவீனப்படுத்திவிட்டது.