ஒரே நாடு ஒரே சந்தா: உங்கள் பாடத்துக்கு எங்கே தேடுவது?

ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் திறக்கப் போனால் முப்பது, நாற்பது டாலர் கேட்கிறதா? அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். அரசுக் கல்லூரி மாணவர் என்றால், உங்களுக்கான சந்தாவை அரசே கட்டியிருக்கலாம்.

அதற்கான ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்; 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்கள். நடத்துவது காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக இணைப்பு மையம். மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்கள் மட்டுமே முதல் கட்டத்தில் சேரும்: நெல்லை அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், நெல்லை மருத்துவக் கல்லூரி போன்றவை. தனியார் நிர்வாகக் கல்லூரியில் இருப்பவர்கள் நூலகரிடம் ‘என்-லிஸ்ட் இருக்கிறதா’ என்று கேளுங்கள். கல்லூரிகளுக்கு மின்னிதழ், மின்னூல் தரும் இன்ஃபிலிப்நெட்டின் இன்னொரு திட்டம் அது; அதற்கான ஆண்டுக் கட்டணத்தைக் கல்லூரி கட்டியிருந்தால் உங்கள் பெயரிலேயே கணக்கு கிடைக்கும்.

மாணவர் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை, நிறுவனம்தான் பதிய வேண்டும். பலர் இடறுவது இங்கேதான்: வளாகத்துக்குள் உட்கார்ந்துகொண்டே மொபைல் டேட்டாவில் திறப்பார்கள், பணம் கேட்கும். கல்லூரி இணைப்பில் திறந்தால்தான் ஐபி முகவரியை, அதாவது அந்த இணைப்பின் அடையாள எண்ணை வைத்து உள்ளே விடும். வீட்டிலிருந்து படிக்க இன்ஃபெட் (INFED) என்ற இன்ஃபிலிப்நெட்டின் உள்நுழைவு வசதி வழியாக நுழைய வேண்டும். அதற்கான பயனர் பெயரை நூலகரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவத்துக்கு பப்மெடில் தொடங்கலாம். அதில் சுருக்கம்தான் இருக்கும்; முழுக் கட்டுரை இலவசமாக வேண்டுமென்றால் பப்மெட் சென்ட்ரல். மின்னியல், கணினிக்கு ஐஇஇஇ (IEEE) பொறியாளர் சங்கத்தின் இதழ்கள். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி மாணவர்களுக்கு கிரிஷிகோஷில் ஆய்வேடுகள் உண்டு. ஸ்கோபஸ் என்பது எந்தக் கட்டுரை எந்த இதழில் வந்தது என்று காட்டும் அட்டவணைதான், கட்டுரையை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

தமிழும் வரலாறும் படிப்பவர்களுக்கு இந்த வெளிநாட்டு இதழ்கள் மட்டும் போதாது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, பழைய நூல்களுக்குத் தமிழ் இணைய நூலகம். இரண்டுக்கும் காசில்லை, எந்தக் கல்லூரியானாலும் சரி.

சரியான தளத்தில் தேடியும் ஒன்றும் வரவில்லையென்றால், பெரும்பாலும் பெயர்தான் காரணம். ஆங்கிலேயர் காலத்துக் கட்டுரைகளில் நம் திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ (Tinnevelly). ஆற்றுக்கு ‘தாம்ரபர்ணி’, ‘தாமிரபரணி’ என்று ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்கள். ஒவ்வொன்றையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, நடுவில் ‘அல்லது’ என்று பொருள்படும் OR என்ற ஆங்கில இணைப்புச் சொல்லைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். பத்தமடைப் பாய்க்கான கோரைப் புல்லை ஆங்கில எழுத்தில் தேடினால் கொரியா வந்து நின்றாலும் நிற்கும். ‘சைப்பரஸ் பேங்கோரி’ (Cyperus pangorei) என்ற தாவரப் பெயரைப் போடுங்கள்.

ஓர் இதழின் மொத்த ஆண்டுத் தொகுதியையும் ஒரே மூச்சில் இறக்காதீர்கள். பதிப்பகம் தடுத்தால் உங்கள் கணினியை மட்டும் தடுக்காது, கல்லூரி ஐபியையே தடுத்துவிடும்.