கார்ட்லெஸ் போனில் குரல் சன்னமாகக் கேட்டால் எங்கே தேடுவது?

பழைய கார்ட்லெஸ் போனில் எதிர்முனைக் குரல் சன்னமாகக் கேட்கிறதா? திருப்புளியைத் தொடும் முன் மூன்று சத்தங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஹேண்ட்செட்டைக் காதில் வைத்தபடி ஒரு எண்ணை அழுத்தினால் வரும் ‘பீப்’ முதலாவது. அது ஹேண்ட்செட்டுக்குள்ளேயே பிறக்கும் சத்தம். லைனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேசும் பொத்தானை அழுத்தியதும் வரும் டயல் டோன் இரண்டாவது. அது வெளியிலிருந்து லைன், பேஸ் யூனிட் (லைனில் சொருகியிருக்கும் பெட்டி), ரேடியோ அலை என எல்லாவற்றையும் கடந்து காதுக்கு வருகிறது. மூன்றாவது, அதே அழைப்பை ஸ்பீக்கர்போனுக்கு மாற்றினால் கேட்கும் குரல்.

பீப்பும் டயல் டோனும் சன்னமாக இருந்து, ஸ்பீக்கர்போனில் மட்டும் குரல் கணீரென்று வந்தால் கோளாறு இயர்பீஸ் பக்கம். பீப் நன்றாக இருந்து, டயல் டோன் காதிலும் ஸ்பீக்கரிலும் குறைந்திருந்தால் லைனையோ பேஸ் யூனிட்டையோ பார்க்க வேண்டும். டயல் டோன் ஓங்கி ஒலித்து, ஒருவர் பேசும்போது மட்டும் குறைகிறதென்றால் பழுது அவருடைய போனில் இருக்கிறது. சில மாடல்களில் பீப் சத்தம் இயர்பீஸிலிருந்து வராது, முதுகுப் பக்கத்து ரிங்கர் ஸ்பீக்கரிலிருந்து வரும். இயர்பீஸ் துளைகளை விரலால் மூடிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். ஒரே பேஸ் யூனிட்டுக்கு இரண்டு ஹேண்ட்செட் இருந்தால் இன்னும் சுலபம்: இரண்டிலும் மாறி மாறிக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். வீட்டில் இன்னொருவரையும் கேட்கச் சொல்லுங்கள். வயதாகும்போது காதில் முதலில் குறைவது கீச்சென்ற உயர் ஒலிகள்தான். அப்போது போனில் பழுது இல்லாமலேயே பேச்சு மங்கும்.

வால்யூம் அமைப்பையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான போன்களில் அழைப்பில் இருக்கும்போதுதான் இயர்பீஸ் வால்யூமை மாற்ற முடியும். ஸ்பீக்கர்போனுக்குத் தனி அளவு உண்டு. அதை ஏற்றினால் இயர்பீஸ் ஏறாது. பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அளவு நகரவில்லை என்றால், ரப்பர் கீபேடின் அடியில் உள்ள கறுப்புக் கார்பன் பொட்டும் அது தொடும் சர்க்யூட் தடமும் அழுக்கேறியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்துத் தடத்தைத் துடைக்கலாம். கார்பன் பொட்டை மட்டும் லேசாகத் தொட்டெடுங்கள். அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும்.

பேட்டரி பலவீனமானாலோ பேஸ் யூனிட்டை விட்டுத் தள்ளிப் போனாலோ குரல் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். டிஜிட்டல் போன்களில் அப்படி நடப்பதில்லை. டெக்ட் (DECT) எனப்படும் டிஜிட்டல் கார்ட்லெஸ் வகைப் போன் குரலை எண்களாக்கி, விநாடிக்கு 32 கிலோபிட் வேகத்தில் அனுப்புகிறது. எண்கள் வந்து சேர்ந்தால் குரல் முழு அளவில் இருக்கும்; சேராவிட்டால் வெட்டி வெட்டி வரும், அல்லது அறுந்துபோகும். மெல்லத் தேய்ந்து சன்னமாவது என்ற இடைநிலை அதில் கிடையாது. பழைய அனலாக் போன்களில்கூடத் தூரம் கூடினால் முதலில் ஏறுவது இரைச்சல்தான். பேட்டரியும் அப்படியே. 1.2 வோல்ட் நிக்கல் செல் இரண்டு சேர்ந்து தரும் 2.4 வோல்ட் இறங்கிப்போனால் போன் எச்சரிக்கை ஒலி கொடுத்து அணைந்துவிடும். குரல் குறைகிறது என்று புது பேட்டரி வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு.

இனி இயர்பீஸ். பெரும்பாலான கோளாறுகள் இங்கேதான் இருக்கின்றன. அதுவும் மின்சாரக் கோளாறு அல்ல, காற்று போகும் வழி அடைபட்ட கோளாறு. ஹேண்ட்செட்டின் தலைப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர் அளவில் சில துளைகளோ கீற்றுகளோ இருக்கும். அவற்றுக்குப் பின்னால் மெல்லிய கறுப்புத் துணி, அதற்குப் பின் ஸ்பாஞ்ச் வளையம், அதன் மேல் குப்புற உட்கார்ந்திருக்கும் நாணய அளவிலான ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் முகம் சருகு போன்ற பிளாஸ்டிக் சவ்வு. அதன் பின்னால் தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய ‘காயில்’ என்ற கம்பிச்சுருள், நடுவில் காந்தம். காதோடு ஒட்டிப் பேசப் பேச வியர்வையும் தலையில் தேய்த்த எண்ணெயும் முகப்பவுடரும் துளைகளில் படிகின்றன. பல வருடத்தில் இவை சேர்ந்து மெழுகுபோல இறுகும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள்: கறுப்பாகத் தெரிய வேண்டிய துளைகள் பழுப்பு நிறத்தில் நிரம்பியிருக்கும்.

குரல் எந்த விதத்தில் குறைந்திருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும். தொலைபேசியில் கேட்கும் பேச்சு வழக்கமாக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். துளைகளும் துணியும் அடைபட்டால் முதலில் அடிபடுவது மேல்பகுதி. ‘ச’, ‘ஸ’ போன்ற மெய்யொலிகளின் கூர்மை போய், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும்; குரல் கேட்கும், சொல் புரியாது. ஸ்பாஞ்ச் வளையம் நொறுங்கியிருந்தால் இதற்கு நேர்மாறு: அடிக்குரல் போய், தகர டப்பாவில் பேசுவதுபோல மெலிந்து கேட்கும். சவ்வு முன்னே தள்ளும்போது அதன் பின்பக்கத்துக் காற்று இழுபடுகிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிர். அவற்றைப் பிரித்து வைப்பதுதான் வளையத்தின் வேலை. வளையத்தில் இடைவெளி விழுந்தால் முன்னால் தள்ளிய காற்று காதுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடும்; ஒன்றை ஒன்று தின்றுவிடும். 300 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 1.1 மீட்டர். ஹேண்ட்செட்டுக்குள் உள்ள சில சென்டிமீட்டர் அதன் முன் ஒன்றுமில்லை என்பதால் அந்த ஒலி ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோகிறது. 3400 ஹெர்ட்ஸில் அலைநீளம் 10 சென்டிமீட்டர்தான்; அங்கே இழப்பு குறைவு.

மங்கிய குரலுக்கு முதல் வைத்தியம் திறக்காமலே செய்யக்கூடியது. ஹேண்ட்செட்டின் முகம் தரையைப் பார்க்கும்படி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, காய்ந்த பல் துலக்கும் பிரஷால் துளைகளைக் கீழிருந்து துலக்குங்கள். உதிரும் அழுக்கு கீழே விழும். நிமிர்த்தி வைத்துத் துலக்கினால் அது துணிக்குள் இறங்கிவிடும். போஸ்டர் ஒட்டும் களிமண் போன்ற பசையை அழுத்தி எடுத்தால் துளைக்குள் இருப்பதும் ஒட்டிக்கொண்டு வரும். ஊசி, குண்டூசி கூடவே கூடாது: துளைக்கு ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் சவ்வு இருக்கிறது, ஒரு குத்தில் கிழியும். துளைகளில் ஆல்கஹாலை ஊற்றவும் வேண்டாம். அது மெழுகைக் கரைத்துத் துணி முழுக்கப் பரப்பிவிடும். காய்ந்த பிரஷில் போகவில்லை என்றால் அதன் நுனியை மட்டும் ஆல்கஹாலில் ஈரமாக்கினால் போதும்.

அதில் சரியாகவில்லை என்றால் திறக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேட்டரி மூடிக்குள்ளும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ரப்பர் பொத்தான்களுக்குக் கீழும் ஸ்க்ரூ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மிச்சம் கொக்கிகள்தான், பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து ஓட்டினால் விடுபடும். இரண்டு பாதிகளையும் வெடுக்கென்று பிரிக்கக் கூடாது. இயர்பீஸின் இரண்டு கம்பிகள் நடுவில் ஓடும், அறுந்துவிடும்.

துணி அழுக்காக இருந்தால் பிரித்தெடுத்து சோப்புத் தண்ணீரில் அலசி, நன்கு உலர்த்தி ஒட்டலாம். துணி இல்லாமல் மூடிவிடாதீர்கள். காந்தம் இரும்புத் தூளை இழுக்கும். சவ்வில் படிந்த தூள் அதன் அசைவைத் தடுத்துக் கரகரப்பையும் குறைவையும் கொண்டுவரும். ஏற்கெனவே படிந்திருந்தால் செல்லோடேப்பின் ஓரத்தால் ஒற்றி எடுங்கள். சவ்வின் நடுமேடு உள்ளே குழிந்திருந்தாலும் அதே டேப்பை ஒட்டி மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் எழும்பிவிடும். ஸ்பாஞ்ச் வளையம் தொட்டதும் பிசுபிசுத்துக் கையில் ஒட்டினால் முழுக்கச் சுரண்டிவிட்டு, கதவிடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப்பிலிருந்து புதிதாக வெட்டுங்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமன் போதும். மூடும்போது வளையம் லேசாக நசுங்க வேண்டும், அப்போதுதான் அடைப்பு சரியாக இருக்கும். சவ்வை மறைக்காமல் விளிம்பில் மட்டும் உட்கார வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் 200 ஓம் அளவில் வைத்து இயர்பீஸின் இரண்டு முனைகளைத் தொடுங்கள். பல ஹேண்ட்செட்களில் இருப்பது 32 ஓம் ஸ்பீக்கர். மீட்டர் 28, 30 என்று காட்டினால் கவலை இல்லை. தொடும்போது லேசான ‘கரக்’ சத்தமும் கேட்க வேண்டும். அளவு எகிறித் திறந்த சுற்று என்று காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. ஆனால் அப்போது குரல் சன்னமாகாது, அடியோடு நின்றுவிடும். கம்பியை அசைக்கும்போது அளவு துள்ளினால் சாலிடர் விட்டிருக்கிறது. அளவு சரியாக இருந்தும் சத்தம் வரவில்லை என்றால் சவ்வோ காயிலோ சிக்கியிருக்கிறது; அதை மாற்றுவதே வழி.

மாற்றும்போது விட்டத்தோடு ஓமும் ஒத்துப்போக வேண்டும். கம்பி போனின் 150 ஓம் இயர்பீஸை 32 ஓம் இடத்தில் வைத்தால் அதே வோல்ட்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு சக்திதான் போகும். குரல் இன்னும் குறையும். 8 ஓம் வைத்தால் நான்கு மடங்கு மின்னோட்டம் இழுத்து ஆம்ப்ளிஃபயரைச் சிரமப்படுத்தும். சாலிடரிங் முனையை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உருகும். காந்தம் அந்த முனையைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கை நழுவி சவ்வில் படுவது அப்படித்தான். காதுக்கருவியை டெலிகாயில் முறையில் வைத்துப் பேசுபவர் வீட்டில் இருந்தால் முடிந்தவரை அதே மாடலின் இயர்பீஸையே தேடுங்கள். டெலிகாயில் பிடிப்பது இயர்பீஸிலிருந்து கசியும் காந்தப்புலத்தை. எல்லா இயர்பீஸும் அதைப் போதிய அளவு கசியவிடுவதில்லை.

மிகப் பழைய அனலாக் போன்களில் இயர்பீஸுக்கு முன் ஒரு எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் (மின்தேக்கி) தொடராக இருக்கக்கூடும். 47 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 32 ஓம் இயர்பீஸும் சேர்ந்தால் ஏறத்தாழ 106 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் தடையின்றிப் போகும். கண்டென்சர் காய்ந்து 1 மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால் அந்த எல்லை 5000 ஹெர்ட்ஸுக்குத் தாவிவிடுகிறது. பேச்சு முழுவதும் அதற்குக் கீழே மாட்டிக்கொள்கிறது. அதே அளவு, அதே அல்லது அதிக வோல்ட் கண்டென்சரை, மைனஸ் பட்டையின் திசை மாறாமல் வைத்தால் தீர்ந்தது.

சோதனை லைன் பக்கம் கைகாட்டியிருந்தால் பேஸ் யூனிட்டைத் திறக்க அவசரப்படாதீர்கள். வீட்டிலுள்ள எல்லா போன்களையும் கழற்றிவிட்டு, ஒரு கம்பி போனை நேராக லைனில் சொருகிக் கேளுங்கள். அதிலும் சன்னம் என்றால் பழுது லைனில். ஒரே லைனில் இரண்டு போன்களை ஒரே நேரத்தில் எடுத்துப் பேசினால் ஒவ்வொன்றிலும் குரல் ஏறத்தாழ 3.5 டெசிபல் குறையும். இன்னொரு அறையில் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் கிடந்தாலும் இதே கதைதான். பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் பிராட்பேண்ட் ஸ்பிளிட்டர் பழுதானாலும், மழையில் லைன் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் புகுந்து திருகு முனைகள் பச்சை பூத்தாலும் குரல் குறையும். ஃபைபர் இணைப்பில் மோடத்தின் போன் போர்ட்டில் பேஸ் யூனிட்டைச் சொருகியிருந்தால், அந்த போர்ட்டின் குரல் அளவு மோடத்துக்குள் ஓர் அமைப்பாகவே இருக்கும். இணைப்பு தருபவரிடம் சொல்லி உயர்த்தச் சொல்லலாம். பேஸ் யூனிட்டைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் அடாப்டரோடு லைன் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். லைனில் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கும்போது அதற்கு மேல் 75, 90 வோல்ட் மாறுமின்னோட்டமும் வரும். சுளீரென்று அடிக்கும்.

எல்லாம் மூடிய பிறகு வால்யூமை நடுவில் வைத்து ஓர் அழைப்பு பேசிப் பாருங்கள். உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, எதிர்முனையில் இருப்பவர் ‘என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது’ என்றால், இயர்பீஸ் ஒலி கூட்டுக்குள்ளாகவே கசிந்து கீழே உள்ள மைக்கை எட்டுகிறது. வளையம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். மறுபடி திறந்து, அதைச் சுற்றிலும் சமமாக உட்காரவைத்து மூடுங்கள்.