திரையில் தெரியும் ஒளிப்பொட்டு கற்றையின் அளவன்று

நீளவாக்கில் முழுமையாக இறுக்கப்பட்ட எலக்ட்ரான் கற்றையை உலோகத் தகட்டில் விழச்செய்து, அங்கே எழும் ஒளியைக் கேமராவில் பிடித்து, அதிலிருந்து எமிட்டன்ஸ் (கற்றையின் பருமனும் விரிகோணமும் சேர்ந்த அளவு) கணக்கிட்ட அறிக்கையொன்று மறுபடியும் என் பார்வைக்கு வந்திருக்கிறது. கணக்கில் பிழையில்லை, படத்தையே நம்பியிருக்கக் கூடாது.

ஒளி பளிச்சென்று இருந்தால் அளவீடும் துல்லியமாக இருக்கும் என்ற எண்ணம் ஏனோ மறைய மறுக்கிறது. எலக்ட்ரான்கள் தனித்தனியே ஒளி உமிழும்வரைதான் ஒளியின் செறிவு அந்தந்த இடத்திலுள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் காட்டும். இறுக்கப்பட்ட கொத்துக்குள் (ஒரு துடிப்பில் சேர்ந்து வரும் எலக்ட்ரான் திரளுக்குள்) ஒளியின் அலைநீளத்தை ஒத்த நுண்கட்டமைப்பு தோன்றிவிட்டால், உமிழ்வுகள் ஒரே அலைக்கட்டத்தில் கூடிப் பன்மடங்காகின்றன. அப்போது நடுப்பகுதி இருண்ட ஒளிவளையங்கள் தெரியும். துடிப்புக்குத் துடிப்பு உருவம் மாறும். 2009இல் 1.5 ஆங்ஸ்ட்ராம் அலைநீள லேசரை எட்டிய அமெரிக்காவின் எக்ஸ்-கதிர் லேசர் நிலையமான எல்சிஎல்எஸ் இந்தத் தொல்லையால் தகட்டுத் திரைகளைக் கைவிட்டு, கற்றையின் குறுக்கே மெல்லிய கம்பியை நகர்த்தி அளக்கும் கம்பி வருடிகளை நம்ப வேண்டியதாயிற்று. லேசர் ஒளியால் எலக்ட்ரான்களின் ஆற்றலைச் சற்றே பரவச்செய்யும் லேசர் சூடாக்கி அந்தத் தொல்லையைக் குறைத்ததே தவிர ஒழிக்கவில்லை.

எலக்ட்ரான் பட்டால் தானே ஒளிரும் ஒளிர்படிகத் திரையும் கண்மூடி நம்பத்தக்கதன்று. ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல் என்ற எக்ஸ்-கதிர் லேசர் நிலையத்தில், அடர்ந்த கற்றையின் நடுப்பகுதியில் படிகத்தின் ஒளி மங்கியதால் புகைவளையம் போன்ற உருவம் கிடைத்தது. பிறகு படிகத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

ஆகவே, மின்னூட்டத்தை மாற்றாமல் இறுக்கத்தை மட்டும் சற்றே மாற்றி, மொத்த ஒளியைக் கூட்டிப் பாருங்கள். அது எகிறினால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள். கேமராவின் முன் வடிகட்டியை வைத்தும் எடுத்தும் அகலம் மாறுகிறதா என்று பாருங்கள். கம்பி வருடி பல துடிப்புகளைச் சேர்த்தே ஓர் உருவத்தைத் தருவதால், ஒவ்வொரு துடிப்பிலும் கற்றை நகர்ந்த அளவை கற்றையின் இடத்தைக் காட்டும் நிலைகாட்டிகளிலிருந்து அறிந்து கழிக்காமல் எண்ணை எழுதாதீர்கள். அப்படிக் கிடைப்பதும் முழுக் கொத்தின் எமிட்டன்ஸ்தான். லேசரை வளர்க்கும் துண்டுகளின் எமிட்டன்ஸ் வேண்டுமென்றால் கொத்தின் முன்பகுதியையும் பின்பகுதியையும் பக்கவாட்டில் பிரித்துக் காட்டும் குறுக்குவிலக்குக் குழிவைப் பயன்படுத்துங்கள்.

திரையைக் கற்றையின் பாதையில் இறக்கும்முன், அடுத்தடுத்து வரும் கொத்துகளின் தொடரை ஒரே கொத்தாகக் குறையுங்கள். ஐரோப்பிய நிலையத்தில் ஒரு தொடரில் 2,700 கொத்துகள்வரை வரக்கூடும். அத்தனையையும் எந்தத் திரையும் தாங்காது. திரையில் பட்டுச் சிதறும் துகள்கள், எலக்ட்ரான்களை நெளியவைத்து லேசரை உண்டாக்கும் அண்டுலேட்டரின் நிலைக்காந்தங்களைச் சிறிது சிறிதாகக் காந்தமிழக்கச் செய்யும் என்பதால், கற்றையை அண்டுலேட்டருக்கு முன்பே, அதை உறிஞ்சி நிறுத்தும் கொட்டிடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

தயவுசெய்து, பணிப்பதிவேட்டில் எமிட்டன்ஸை எழுதும்போது மின்னூட்டம், இறுக்கம், திரையின் வகை, வடிகட்டி ஆகிய நான்கையும் அருகிலேயே குறித்துவையுங்கள்.