கோல் என்றால் பசை மட்டும் இல்லை

போன கிழமை இங்கே பிரான்சில் ஒரு தமிழ் அம்மாவுக்கு மகனின் கொலேஜில் (நடுநிலைப் பள்ளி) இருந்து போன். புதன்கிழமை பின்னேரம் மகனுக்கு 'கோல்' இருக்கிறது என்றிருக்கிறார்கள். பிரெஞ்சில் கோல் என்றால் பசை என்று அவருக்குத் தெரியும். மகனைக் கேட்டால் அவனும் "ஓம், பசை கொண்டுவரட்டாம்" என்றுவிட்டான். அது மறிப்பு வகுப்பு, குழப்படிக்குத் தண்டனை. கடிதத்தில் வந்தால் 'ரெத்னு' என்று இருக்கும், வாய்ப்பேச்சில் கோல்தான். பையன் போகவில்லை, இப்போது பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள் என்று பெற்றோருக்கு வகுப்பில் தொண்டை வறளச் சொல்கிறேன். தனக்கு எதிரான செய்தியை 12 வயதுப் பையன் ஏன் சரியாகச் சொல்லப்போகிறான்?

அதைவிட எரிச்சல், "இது தெரிந்த சொல்தானே" என்கிற நினைப்பு. பள்ளிச் சாமான் பட்டியலில் 'கொம்' என்று இருந்தால் எங்கள் காதுக்கு அது கம், உடனே பசை வாங்கிவிடுகிறோம். கொம் அழிறப்பர். 'கொப்பி தூப்ள்' என்றால் இரண்டு கொப்பி வாங்குகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். இல்லை, அக்கா! எங்கள் கொப்பிக்கு இங்கே பெயர் 'கயே'. கொப்பி தூப்ள் சோதனை எழுதுகிற தாள், நடுவில் மடித்து நாலு பக்கமாக இருக்கும், ஒற்றைத் தாள் 'கொப்பி சாம்ப்ள்'. கணக்குச் சோதனை அன்றைக்கு பிள்ளை பக்கத்தில் இருப்பவரிடம் தாளுக்குக் கையேந்துகிறது.

"எந்தக் கயே என்றால் என்ன, எழுதினால் சரி" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 'கிரான் கரோ' (பெரிய கட்டம்) என்பது செயெஸ் என்ற புத்தகக் கடைக்காரர் 1892இல் பதிவு செய்த கோடு. 8 மில்லிமீற்றர் கட்டம், உள்ளே 2 மில்லிமீற்றருக்கு ஒரு மெல்லிய கோடு. சிறிய 'ஆ' (a) முதல் மெல்லிய கோட்டோடு நிற்க வேண்டும், 'தே' (t) இரண்டாவது வரை, 'எல்' (l) மூன்றாவது வரை. முதலாம் வகுப்பில் பிள்ளை அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் பழகுகிறது. நீங்கள் வாங்கிவரும் 5 மில்லிமீற்றர் 'பெத்தி கரோ'வில் (சின்னக் கட்டம்) அந்தக் கோடுகளே இல்லை, அப்புறம் எழுத்து கோணல் என்று பிள்ளைக்குத்தான் ஏச்சு.

சிறிய வகுப்புப் பட்டியலில் கோல் என்றால் குச்சிப் பசை வாங்குங்கள், 'பாத்தோன் து கோல்'. சூப்பர் குளூவைப் பையில் போடவே போடாதீர்கள். விரல் ஒட்டினால் பிய்க்காமல் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிடுங்கள், கண்ணில் பட்டால் உடனே அவசர மருத்துவ உதவிக்கு 15ஐ அழையுங்கள். 'எஃபாஸர்' (மை அழிக்கிற பேனை) கேட்டிருந்தால் நீல மைப் பேனையும் சேர்த்து வாங்குங்கள், சாதாரண போல்பொயின்ற் பேனை மை அதற்கு அழியாது.

கடையில் பட்டியலையும் பொதியில் இருக்கிற சொல்லையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், பில்லை எறியாதீர்கள். பள்ளியில் இருந்து போன் வந்து விளங்காவிட்டால் "ஓம், ஓம்" என்று வைத்துவிடாமல், எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்: "பார் எக்ரி, சில் வு ப்ளே."